வயிரவனின் வாயு மாத்திரையும் பக்க விளைவும்

சுரக்காய்ப்பட்டிக்காரர்களைக் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு சொல் சொன்னால் அந்தச் சொல்லை அப்படியே கேட்கிற மனுஷர்கள். ஊரில் உள்ள ஒரே தொந்தரவும் அதுதான். 'படியில் பயணம் நொடியில் மரணம்' என்று பஸ்ஸில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, படியில் கால் படாமல் ஏற வழி தெரியாமல், ஒரு திருவிழாவுக்கே போகாமல் திரும்பி வந்தவர்கள் அவர்கள். அடுத்த வருஷம் ஜன்னல் வழியாக ஏறிப் போனார்கள். கண்டக்டர் திட்டினார். உயிரைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் திட்டுக்கெல்லாம் அசைவார்களா?

அந்த ஊருக்குக் கயிறு இழுக்கும் அணி ஒன்று உண்டு. மொத்தம் எட்டுப் பேர். தலைவன் சேவுகன், ஏழாம் வகுப்பு வரை படித்தவன். எதைச் சொன்னாலும் அர்த்தம் கண்டுபிடிப்பது அவன் பொறுப்பு. அதில் சந்தேகம் கேட்பது குறும்பன் வேலை. சந்தேகத்துக்கு வழி சொல்வது முத்திருளன் வேலை. இன்னும் நாலு பேர் பேசவே மாட்டார்கள், தலையாட்டுவார்கள். எட்டாவது ஆள் வயிரவன். கயிற்றின் கடைசி நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள். வைக்கோல் போர் மாதிரி உடம்பு. அவன் காலை ஊன்றினால் ஆலமரம் வேர் விட்ட மாதிரி என்று ஊரில் சொல்வார்கள்.

சொன்னார்கள். போன வருஷம் வரை.

போன வருஷப் பொங்கல் போட்டியில், ஆலாங்குறிச்சி மைதானத்தில், ஓடைக்கரை அணியோடு இழுத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சம்பவம் நடந்தது. பலம் வேண்டும் என்று காலையிலிருந்து மொச்சையும் கொண்டைக்கடலையுமாகத் தின்றுவிட்டு வந்திருந்தான் வயிரவன். வயிறு மத்தளம் மாதிரி இருந்தது. பல்லைக் கடித்து ஒரு இழு இழுத்தான். கயிறு வருவதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்தது. மைக்செட் பாட்டையும் மீறி அந்தச் சத்தம் கேட்டதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மைதானமே சிரித்தது. முன்னால் நின்ற ஏழு பேரும் மூக்கைப் பொத்தக் கையை எடுத்தார்கள். கையை எடுத்தால் கயிறு என்ன ஆகும்? போயிற்று.

அன்றிலிருந்து ஓடைக்கரைக்காரர்கள் அவனை வயிரவன் என்று கூப்பிடுவதில்லை. 'பஞ்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். சந்தையில் பார்த்தால், "என்ன பஞ்சர், காத்து நிக்குதா?" என்பார்கள்.  வயிரவன் வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் தொழுவத்திலேயே நிற்பான். மனைவி அழகம்மைக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பாள். அப்பா வைத்த பேரை ஊரான் ஒருத்தன் எடுத்துக்கொண்டு போய்விட்டானே என்கிற வருத்தம் அவனுக்கு. இந்த வருஷமும் தோற்றால் பஞ்சர் என்றே ரேஷன் கார்டில் ஏறிவிடும் என்று குறும்பன் வேறு பயம் காட்டியிருந்தான்.

போட்டி நெருங்கியதும் எட்டுப் பேரும் கிளம்பி ஆலாங்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே பாத்திமா டாக்டர் இருந்தார். சின்ன வயசு. பொறுமைசாலி என்று பேர் எடுத்தவர். அதற்குக் காரணம், அதுவரை சுரக்காய்ப்பட்டியிலிருந்து யாரும் அவரிடம் வந்ததில்லை.

வயிரவனின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்: "சர்க்கரை இருக்காண்ணே?"

"வீட்ல வெல்லம்தான் டாக்டரம்மா."

"நோயைக் கேட்டேன். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?"

"இல்லைங்க."

"ஏதாவது ஒத்துக்காதா உங்களுக்கு?"

வயிரவன் யோசிக்கவே இல்லை. "ஓடைக்கரைக்காரனுக."

 டாக்டர் ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். "பயறு, மொச்சை எல்லாம் முழுசா செரிக்காம குடலுக்குள்ள போய்ப் புளிக்குது. அதுதான் வாயு. இந்த மாத்திரை அதைச் செரிக்க வைக்கும். ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால ஒண்ணு போடுங்க. வேலை செய்யலைன்னு ரெண்டு மூணா எடுக்காதீங்க, வயித்து வலி, வயித்துப்போக்குன்னு வேற வம்பு வரும். வெயில் படாம வைங்க, சூடு பட்டா மருந்து வீணாயிடும். குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல இருக்கட்டும். பக்க விளைவு பெருசா எதுவும் இருக்காது. ஆனா உடம்புல அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல்னு வந்தா உடனே நிறுத்திட்டு நேரா இங்க வந்துடுங்க."

சேவுகன் ஒவ்வொரு சொல்லையும் மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததுமே குறும்பனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பக்க விளைவுன்னாங்களே, அப்படின்னா என்ன?"

சேவுகன் நின்று நிதானமாக யோசித்தான். "பக்கம்னா பக்கம். விளைவுன்னா விளையறது. மாத்திரை சாப்பிடுறவனுக்குப் பக்கத்துல இருக்கிறவனுக்கு விளையும்."

"அது நியாயம்தான்," என்றான் முத்திருளன். "போன வருஷம் மாத்திரை சாப்பிடாமலே பக்கத்துல இருந்தவங்களுக்கு விளைஞ்சுதே."

நாலு பேரும் தலையாட்டினார்கள். உடனே எல்லோரும் வயிரவனின் பக்கத்திலிருந்து விலகி, நாலு பேர் அவனுக்கு முன்னாலும் மூன்று பேர் பின்னாலுமாக வரிசை கட்டி நடந்தார்கள். பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் இருக்கையில் வயிரவனை நடுவில் தனியாக உட்கார வைத்தார்கள். பக்கத்தில் உட்கார வந்த ஒரு அம்மாளிடம் சேவுகன் மரியாதையாகச் சொன்னான்: "முன்னால உட்காருங்க, பின்னால உட்காருங்க. பக்கத்துல மட்டும் வேணாம். டாக்டர் சொல்லியிருக்காங்க." அந்த அம்மாள் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொண்டாள்.

ஊருக்கு வந்ததும் மாத்திரையை எங்கே வைப்பது என்கிற பிரச்சினை. அழகம்மை, "அரிசிப் பானைக்கு மேல பரண்ல வைக்கலாமே," என்றாள்.

"குழந்தை கைக்கு எட்டக் கூடாது," என்றான் சேவுகன்.

"நம்ம வீட்ல ஏதுங்க குழந்தை? பொண்ணையும் கட்டிக் குடுத்தாச்சு."

அப்போது குறும்பன் தொண்டையைச் செருமினான். "வயிரவா, உங்க அம்மா உன்னை எப்படிக் கூப்பிடும்?"

"இன்னிக்கும் 'என் பச்சப்புள்ள'ன்னுதான் கூப்பிடும்."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெற்ற தாய் பொய் சொல்ல மாட்டாள். ஆக, மாத்திரை வயிரவன் கைக்கு எட்டவே கூடாது. பரணில் அவன் கையை நீட்டினாலே எட்டும். ஊரிலேயே அவன் ஏற முடியாத இடம் பனைமரம் ஒன்றுதான். முத்திருளன் ஏறி, டப்பாவைப் பனையின் உச்சியில் கட்டிவிட்டு வந்தான். இறங்கிய பிறகுதான் வெயில் படக்கூடாது என்று சொன்னது ஞாபகம் வந்தது. மறுபடி ஏறி ஒரு குடையை விரித்துக் கட்டினான். சுரக்காய்ப்பட்டியில் பனைமரம் குடை பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். "ஏன்யா, மரத்துக்குக் குடை?" என்று கேட்டால், "மரத்துக்கு இல்ல, மாத்திரைக்கு" என்று பதில் வந்தது. 

அன்று மத்தியானம் முத்திருளன் வேர்க்க விறுவிறுக்க ஏறி ஒரு மாத்திரை எடுத்து வந்தான். வயிரவன் இலைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அழகம்மை சோறு போட்டாள். சேவுகன் குனிந்து, மாத்திரையை இலைக்கு முன்னால், சோற்றுக்கு நேராகப் பார்த்து, தரையில் போட்டான்.

"இவ்வளவு முன்னால போதுமா?" என்றான் குறும்பன்.

"எவ்வளவு முன்னாலன்னு அவங்க அளவு சொல்லலையே. ஒரு சாண் இருக்கட்டும்."

வயிரவன் மாத்திரையைப் பார்த்துக்கொண்டே பயபக்தியோடு சாப்பிட்டான். மொச்சைக் குழம்பு. சாப்பிட்டு முடித்து எழுந்தபோது ஒரு கோழி வந்து மாத்திரையைக் கொத்தி விழுங்கிவிட்டுப் போனது. அடுத்த வேளையும் அப்படித்தான். மறுநாளும் அப்படித்தான். சாப்பாட்டு நேரம் வந்தால் கோழி தானாக வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தது.

வயிரவனின் வயிறு கொஞ்சமும் இறங்கவில்லை. ஆனால் கோழியைப் பற்றி எல்லோருக்கும் கவலை வந்துவிட்டது. சுற்றி நின்று பார்த்தார்கள். பக்கத்தில் அல்ல, முன்னாலும் பின்னாலும். கோழி நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த சேவல், பொழுது சாயும் நேரத்தில் திடீரென்று கூவியது.

"சாயங்காலம் எந்தச் சேவலாவது கூவுமா?" என்றான் சேவுகன் மெதுவாக. "பார்த்தீங்களா, பக்க விளைவு!"

சேவலைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பாத்திமா டாக்டர் கதை முழுவதையும் கேட்டார். நடுநடுவே நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அண்ணே, மாத்திரையை யாருமே முழுங்கலையா?"

"கோழி முழுங்குச்சு," என்றான் வயிரவன்.

"நீங்க ஏன் முழுங்கலை?"

"முழுங்கச் சொல்லலையேம்மா. போடத்தானே சொன்னீங்க."

டாக்டர் சொன்னதை நினைத்துப் பார்த்தார். அவர் முழுங்கச் சொல்லவில்லை என்பது உண்மைதான். இந்த முறை ஒரு மாத்திரையைக் கையில் எடுத்து, வாயைத் திறந்து காட்டி, தண்ணீர் குடிப்பது போல அபிநயம் பிடித்து, "முதல் வாய் சோறு திங்கிறதுக்கு முந்தி, வாயில போட்டு, தண்ணி குடிச்சு, முழுங்கணும். வாய் உங்க வாய்," என்றார்.

வெளியே வந்த சேவுகன், "இப்படித் தெளிவா முதல்லயே சொல்லியிருந்தா ஒரு கோழிக்கு இத்தனை சிரமம் இருந்திருக்காது," என்றான்.

அதற்கப்புறம் வயிரவன் ஒழுங்காக முழுங்கினான். மொச்சையையும் ராத்திரியே ஊறப் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேக வைத்தாள் அழகம்மை. நம்பினால் நம்புங்கள், வயிறு இறங்கியது. நடந்தால் உடம்பு நடந்தது, கூடவே வேறெதுவும் பேசவில்லை. போட்டி அன்று காலையில் வயிரவன் தொழுவத்துக்குப் போகவில்லை. வாசலில் நின்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அழகம்மை பார்த்துவிட்டு, "இந்த வருசம் நானும் வர்றேன்," என்றாள். போன வருஷம் அவள் பாதியில் எழுந்து முக்காடு போட்டுக்கொண்டு வந்தவள்.

ஆலாங்குறிச்சி மைதானத்தில் நல்ல கூட்டம். விழாக் குழுவினர் இந்த வருஷம் புதிதாக ஒரு தேங்காய் நார் வடம் கொண்டு வந்திருந்தார்கள். ஆள் மணிக்கட்டுத் தடிமன். நடுவில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. வயிரவன் சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் இடுப்பில் வடத்தின் நுனியைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டான். எதிர்முனையில் ஓடைக்கரையின் கடைசி ஆளும் அதே மாதிரி கட்டிக்கொண்டான்.

"என்ன பஞ்சர், டியூப் மாத்திட்டியா?" என்று அங்கிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் சிரித்தது. வயிரவன் தலையைக் குனிந்து மண்ணைக் காலால் கிளறினான்.

விசில் ஊதினார்கள்.

ஓடைக்கரைக்காரர்கள் சாமானியப்பட்டவர்கள் அல்ல. முதல் இழுவையிலேயே சிவப்புத் துணி அவர்கள் பக்கம் போய்விட்டது. சுரக்காய்ப்பட்டிக்காரர்களின் கால்கள் மண்ணைக் கீறிக்கொண்டு முன்னால் நகர்ந்தன. வயிரவன் கண்ணை மூடிக்கொண்டு ஊன்றினான். வயிறு அமைதியாக இருந்தது. ஆனால் இடுப்பில் ஏதோ ஊர்ந்தது. முதலில் லேசாக. பிறகு நெருப்பு மாதிரி.

"சேவுகா," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "அரிக்குது."

சேவுகன் வரிசையில் முதல் ஆள். திரும்பாமலே கேட்டான்: "எங்க?"

"இடுப்பைச் சுத்தி."

"தடிப்பு இருக்கா பாரு குறும்பா!"

குறும்பன் இழுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். "செவசெவன்னு தடிச்சிருக்கு!"

 கயிறு இழுப்பதா பெரிது? கூடப் பிறக்காத பிறப்பு ஒருத்தனுக்கு உயிருக்கு ஆபத்து.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்றான் முத்திருளன், மூச்சு வாங்க.

"உடனே நிறுத்திட்டு நேரா வரச் சொன்னாங்க."

"எதை நிறுத்தணும்?"

"மாத்திரையை."

"மாத்திரையை இப்ப முழுங்கிக்கிட்டா இருக்கான், நிறுத்த?"

"அப்ப அது நின்னாச்சு. நேரா போறதுதான் பாக்கி," என்று தீர்ப்புச் சொன்னான் சேவுகன்.

ஆஸ்பத்திரி எங்கே என்று பார்த்தார்கள். வயிரவனின் முதுகுக்குப் பின்னால், மைதானத்தைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, வெள்ளைக் கட்டடம் தெரிந்தது.

"கயிறை விட்டுட்டு ஓடலாம்," என்றான் குறும்பன்.

"விட்டா ஓடைக்கரைக்காரன் வயிரவனை அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போயிடுவான். முடிச்சு இறுகிக் கெடக்கு. ஆஸ்பத்திரி இந்தப் பக்கம் இருக்கு."

"அப்ப கயிறோடதான் போகணும்."

நாலு பேரும் தலையாட்டினார்கள். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.

பரிசுக்காக இழுக்கிறவனுக்கு ஒரு பலம். கூட்டாளியைக் காப்பாற்ற இழுக்கிறவனுக்கு வேறு பலம். சிவப்புத் துணி கோட்டைத் தாண்டி வந்தது. நடுவர் விசில் ஊதினார். யார் காதிலும் விழவில்லை. மறுபடி ஊதினார். ஓடைக்கரைக்காரர்களில் பாதிப் பேர் குப்புற விழுந்து வடத்தைப் பிடித்தபடி வந்தார்கள். விட்டுவிடலாம்தான், ஆனால் அவர்களுடைய கடைசி ஆள் இடுப்பில் முடிச்சோடு வருகிறானே, அவனை எப்படி விடுவது?

வடம் மைதானத்தைத் தாண்டியது. நேராகப் போகச் சொல்லியிருந்ததால் சேவுகன் யாரையும் எங்கும் வளைய விடவில்லை. கரும்புக் கடைக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தார்கள். ஒரு வீட்டின் முன்வாசல் வழியாகப் போய்க் கொல்லை வழியாக வந்தார்கள். அப்பளம் காய வைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம், "பக்கத்துல நிக்காதீங்கம்மா, விளைஞ்சிரும்," என்று எச்சரிக்கவும் மறக்கவில்லை. அவள் திகைத்து ஒதுங்குவதற்குள் வயிரவன் போனான், வடம் போனது, அதன் பின்னால் ஓடைக்கரையும் போனது.

"வயிரவா! நில்லுப்பா வயிரவா! சாமி, வயிரவண்ணே!" என்று பின்னாலிருந்து கதறல் கேட்டது. ஒரு வருஷமாகக் கேட்காத பேர். வயிரவனுக்கு அந்த அரிப்பிலும் நெஞ்சு குளிர்ந்தது. நின்றிருப்பான், ஆனால் டாக்டர் நிற்கச் சொல்லவில்லையே.

ஆஸ்பத்திரியின் மதில் குறுக்கே வந்தது. கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வாசல் திறந்தே கிடந்தது. ஆனால் அது நேர் இல்லை. மதிலில் ஏறிக் குதித்தார்கள். ஓடைக்கரைக்காரர்களும் ஏறிக் குதிக்க வேண்டியதாயிற்று.

பாத்திமா டாக்டர் வெளியே ஓடி வந்தார். பெரிய கத்தரிக்கோலால் வடத்தின் முடிச்சை அறுத்து, வயிரவனின் இடுப்பைப் பார்த்தார். நாக்கு, உதடு வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"மாத்திரையால ஒண்ணும் இல்ல. புது நார்க் கயிறை வெறும் உடம்புல கட்டினா அரிக்கத்தான் செய்யும். மூச்சுத் திணறுதாண்ணே?"

"எனக்கு இல்லம்மா. அவங்களுக்குத்தான்."

மதிலடியில் ஓடைக்கரைக்காரர்கள் வரிசையாகக் கிடந்தார்கள். ஒருத்தனுக்கு மூச்சுத் திணறல். ஒருத்தனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. ஒருத்தன் தலையில் ஓர் அப்பளம் ஒட்டியிருந்தது. சேவுகன் அவர்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு டாக்டரைக் கும்பிட்டான். "நீங்க சொன்ன அத்தனையும் பலிச்சிருச்சும்மா. முழுங்கினவன் இவன், விளைஞ்சது அவங்களுக்கு."

டாக்டர் பஞ்சையும் துணியையும் எடுத்தார். ஓடைக்கரைக்காரர்களுக்குக் கட்டுப் போடப் போய்விட்டார்.

அப்போது நடுவர் ஓடி வந்து சேர்ந்தார், மூச்சிரைக்க. பின்னால் அழகம்மையும் பாதி ஊரும். நடுவர் வயிரவனின் கையைப் பிடித்து உயர்த்தி, "சுரக்காய்ப்பட்டி ஜெயிச்சாச்சு!" என்றார். அழகம்மை இந்த வருஷம் முக்காடு இல்லாமல் நின்று சிரித்தாள். பரிசாக ஒரு கொழுத்த செம்மறிக் கிடாவைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். கழுத்தில் மாலை, கொம்பில் சந்தனம்.

"பிடிச்சு இழுத்துட்டுப் போங்கப்பா," என்றார் நடுவர்.

இழுக்கச் சொன்னதும் எட்டுப் பேரும் வழக்கப்படி வரிசையில் நின்றார்கள். மிச்சமிருந்த வடத்தின் ஒரு நுனியைக் கிடாவின் கழுத்தில் கட்டினார்கள். மறு நுனியை வயிரவன், இந்த முறை சட்டைக்கு மேலே, இடுப்பில் கட்டிக்கொண்டான். நடுவரை விசில் ஊதச் சொன்னான் சேவுகன். பாவம், அவரும் பழக்க தோஷத்தில் ஊதிவிட்டார்.

கிடா நாலு காலையும் ஊன்றியது. எட்டுப் பேரும் இழுத்தார்கள். கிடா ஒரு தடவை தும்மியது. பிறகு, வேலியோரம் இருந்த அகத்திக்கீரையைப் பார்த்து நடந்தது. எட்டுப் பேரும் அதன் பின்னால் போனார்கள்.

கிடா கீரையைத் தின்று முடிக்கும் வரை சேவுகன் மண்ணில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வேட்டியில் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தான்.

"நியாயம்னா நியாயம்தான். ஓடைக்கரையை நாம ஜெயிச்சோம். நம்மளைக் கிடா ஜெயிச்சிருச்சு."

"அப்ப பரிசு கிடாவுக்குத்தான்," என்றான் முத்திருளன்.

"பரிசு என்ன?" என்றான் குறும்பன்.

"கிடா."

நாலு பேரும் தலையாட்டினார்கள். வயிரவன் மாலையைச் சரி செய்து, கிடாவைக் கிடாவிடமே முறைப்படி ஒப்படைத்தான். எட்டுப் பேரும் கை தட்டினார்கள். பிறகு முன்னாலும் பின்னாலுமாக வரிசை கட்டிக்கொண்டு, தோற்றாலும் கௌரவமாகத் தோற்றோம் என்கிற திருப்தியோடு, ஊரைப் பார்த்து நடந்தார்கள்.